ஏரி போடும் கணக்கு

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாத நடுவில் திருப்பதியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பெய்த பெருமழையை அப்பகுதி மக்கள் எளிதில் மறந்திரார். சுவர்ணமுகி ஆறு கரை புரண்டது. நகரத்தின் தெருக்களில் வெள்ளம் பாய்ந்தது. மழை தணிந்த பின்னர், மக்கள் சற்றே மூச்சுவிடத் தொடங்கிய வேளையில், மற்றோர் அச்சம் தலைதூக்கியது. இராமச்சந்திராபுரம் மண்டலத்திலுள்ள இராயலசெருவின் கரையில் கசிவு காணப்பட்டது. விஜயநகர அரசர் காலத்தது என்று சொல்லப்படும் பேரேரி அது. கரை உடையுமானால் கீழ்ப்புறத்துச் சிற்றூர்கள் பல நீரில் மூழ்கும் என்பதால் அங்கிருந்த மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மணல் மூட்டைகள் அடுக்கிக் கரை வலுப்படுத்தப்பட்டது, ஏரி தப்பியது. (செருவு என்னும் தெலுங்குச் சொல்லுக்கு ஏரி என்பதே பொருள். ஆதலால் 'இராயலசெருவு ஏரி' என்று எழுதுவது கூறியது கூறலாகும்.)

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. மழை மிகுதியாகப் பெய்த நாளும், கரைக்கு ஆபத்து மிகுந்த நாளும் ஒன்றல்ல. ஒரு நாளின் மழை எவ்வளவு பெரிதாயினும், அதனை மட்டும் கொண்டு ஏரிக்கரையின் நிலையைக் கூற இயலாது. பருவம் முழுவதற்குமான மொத்த மழையும் இதற்கு உதவாது. ஏனெனில் அம்மொத்தத்தில், மதகு வழியாகவும் கலிங்கு வழியாகவும் நீர் வடிந்துபோன பல வறண்ட நாட்களும் சேர்ந்திருக்கின்றன. கரையைச் சோதிப்பது அடுத்தடுத்து வரும் சில நாட்களின் கூட்டு விளைவே. எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் தொடர்ச்சி மிகப் பெரிய சுமையை ஏற்றியது? இதுவே பொறியாளர் கேட்கும் கேள்வி.

ஏரிக்குள் வந்த நீரிலிருந்து அதே நாளில் வெளியேறிய நீரைக் கழித்தால் அந்நாளின் நிகர வரவு கிடைக்கும். வரவு மிகுந்த நாளில் அது மிகை எண். செலவு மிகுந்த நாளில் அது குறை எண். எட்டு நாட்களின் நிகர வரவு பின்வருமாறு இருப்பதாகக் கொள்ளலாம். இவை விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட எண்களே; எந்த ஏரிக்கும் உரியவை அல்ல.

−3, 5, 8, −4, 11, 9, −6, −2

இவ்வெட்டு நாட்களின் மொத்தம் 18. ஆனால் ஏரியில் ஏறிய உச்சச் சுமை அதுவன்று. 2-ஆம், 3-ஆம் நாட்களைச் சேர்த்தால் 13. 5-ஆம், 6-ஆம் நாட்களைச் சேர்த்தால் 20. கணக்கெடுப்பவர் பலர் இங்கேயே நின்றுவிடுவர். 4-ஆம் நாள் மழை விட்டுவிட்டது, நீர் வடிந்தது, ஆகவே அதற்குப் பின் வந்தது புதிய மழை என்று அவர்கள் கருதக்கூடும். அக்கருத்து தவறானது. 2-ஆம் நாள் முதல் 6-ஆம் நாள் வரை, நடுவிலுள்ள வறண்ட நாளையும் விடாமல் கூட்டினால், 5 + 8 − 4 + 11 + 9 = 29. கரை தாங்க வேண்டிய சுமை இதுவே. 20 என்று மதிப்பிட்டுக் கட்டிய கரை 29-ஐத் தாங்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

எல்லாத் துண்டுகளையும் கூட்டிப் பார்ப்பதன் தொல்லை

எட்டு எண்களில் அடுத்தடுத்து அமைந்த தொடர் துண்டுகள் 36 உள்ளன. ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்த்து 29-ஐக் கண்டறியலாம். பொறுமை மட்டும் வேண்டும். நாட்கள் மிகுந்தால் பொறுமை போதாது. ஓராண்டின் 365 நாட்களில் 66,795 துண்டுகள் உண்டு. முப்பது ஆண்டுகளின் தினசரிப் பதிவேட்டில் ஏறத்தாழ 10,957 நாட்கள். அவற்றிலுள்ள துண்டுகள் 6 கோடிக்கும் அதிகம். ஒவ்வொரு துண்டையும் முதலிலிருந்து கூட்டுவதாயின் 21,900 கோடிக்கும் மேற்பட்ட முறை எண்களைத் தொட வேண்டும். இன்றைய கணிப்பொறிக்கே அது வீண் உழைப்பு. காகிதத்தில் எழுதிக் கணக்கிடும் மனிதருக்கு நினைத்தும் பார்க்க முடியாதது.

வீண் உழைப்பு எங்கே உண்டாகிறது என்பதைக் காண்பது எளிது. 2-ஆம் நாள் முதல் 5-ஆம் நாள் வரை கூட்டியவர் அடுத்து 2-ஆம் நாள் முதல் 6-ஆம் நாள் வரை கூட்டும்போது, முன்பு செய்த வேலையின் பெரும் பகுதியை மீண்டும் செய்கிறார். பேரேடு எழுதும் எந்தக் கணக்கரும் இவ்வாறு செய்யார். ஒரு பக்கத்தின் அடியில் வந்த மொத்தத்தை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிக்கொண்டு அங்கிருந்து தொடர்வார். முன்பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும் தேவை அவருக்கு எழுவதில்லை. இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்றைய நாளுக்கு நேற்றைய நாள் எதனை எழுதிக் கொடுக்க வேண்டும்?

ஏரியைப் பார்த்தாலே விடை கிடைக்கும். ஏரியில் நேற்று மாலை இருந்த நீரோடு இன்றைய நிகர வரவு சேரும். அவ்வாறு சேர்ந்தது சுழிக்குக் கீழே போகுமாயின், ஏரி வெறுமையாயிற்று என்று பொருள். வெறுமையான ஏரி மேலும் வெறுமையாக முடியாது. மதகின் அடிமட்டத்திற்குக் கீழே நீர் இறங்காது. கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். இதனையே விதியாகக் கூறினால்: நேற்றைய நடப்புத் தொகையோடு இன்றைய எண்ணைக் கூட்டுக, வருவது குறை எண்ணாயின் சுழி என எழுதுக, மிகையாயின் அதனையே எழுதுக. மேலே கண்ட எட்டு நாட்களுக்கு நடப்புத் தொகை இவ்வாறு அமையும்:

0, 5, 13, 9, 20, 29, 23, 21

இவற்றுள் பெரியது 29. எட்டே கூட்டல்களில் விடை வந்துவிட்டது. முப்பது ஆண்டுப் பதிவேட்டுக்கும் 10,957 கூட்டல்களே போதும். தொகை சுழியாகும்போதெல்லாம் அடுத்த நாளின் தேதியைப் பக்கத்தில் குறித்துவந்தால், உச்சம் எட்டிய துண்டு எங்கே தொடங்கியது என்பதும் தெரிந்துவிடும். 4-ஆம் நாளில் தொகை 13-இலிருந்து 9-ஆகக் குறைந்ததேயன்றிச் சுழியாகவில்லை என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு அழுத்திக் காட்டலாம். மழை விட்டது என்பதால் மட்டும் கணக்குப் புதிதாகத் தொடங்குவதில்லை.

ஏரி முதலில் வெறுமையாக இராமல் 10 அலகு நீரோடு இருந்தால் நடப்புத் தொகையை 10-இல் தொடங்க வேண்டும். அப்போது உச்சம் 36 ஆகும். 29-உடன் 10-ஐக் கூட்டி 39 என்று சொல்லிவிடக் கூடாது. முதல் நாளின் வடிகாலில் 3 அலகு முன்னரே போய்விட்டது.

இவ்விதி சரியானதே என்பதற்குக் காரணம் கூறுவதும் கடினமன்று. இன்று முடியும் துண்டுகளுள் சிறந்தது எதுவோ, அது இன்றைய எண்ணை மட்டும் கொண்டதாக இருக்கலாம். அல்லது நேற்று முடிந்த ஒரு துண்டோடு இன்றைய எண்ணைச் சேர்த்ததாக இருக்கலாம். மூன்றாவது வகை இல்லை. இரண்டாம் வகையாயின், அதிலுள்ள நேற்றைய பகுதி நேற்று முடிந்த துண்டுகளுள் சிறந்ததாகவே இருக்க வேண்டும். இல்லையேல் அதனை நீக்கிச் சிறந்ததைப் பொருத்தி மொத்தத்தை உயர்த்திவிடலாம். ஆகவே ஒவ்வொரு நாளும் தனக்கு முந்திய நாளின் ஒரே ஓர் எண்ணை அறிந்திருந்தால் போதுமானது. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும் தேவை. எல்லா எண்களும் குறை எண்களாக இருந்தால் இவ்விதி சுழியை விடையாகத் தரும். ஏரிக்கு அது பொருத்தமே. சுமை ஏறவே இல்லை. ஓர் எண்ணையேனும் தேர்ந்தே ஆக வேண்டும் என்பது வினாவாயின், சுழிக்கு மிக அருகிலுள்ள குறை எண்ணே விடை.

பெயரும் வரலாறும்

பெரிய வினா ஒன்றைச் சிறிய வினாக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரே முறை தீர்த்து, விடையைக் குறித்துவைத்து மேலே செல்லும் இம்முறைக்கு 'டைனமிக் புரோகிராமிங்' என்று பெயர். இப்பெயரை இட்டவர் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு பெல்மன். 1950-களில் ராண்ட் நிறுவனத்தில் இதனை வளர்த்த அவர், 1957-இல் இதே பெயரில் நூலொன்றை வெளியிட்டார். பெயரில் பொருள் மிகுதியாக இல்லை. அக்காலத்து அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலருக்கு 'ஆராய்ச்சி' என்னும் சொல்லே பிடிக்காது என்றும், அவர் கண்ணில் படாதிருக்கவே இப்பெயரைத் தேர்ந்ததாகவும் பெல்மன் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். பெயரைக் கண்டு அஞ்சும் மாணவர்க்கு இச்செய்தி ஆறுதலாக இருக்கும்.

தொடர் துண்டுகளுள் பெரிய மொத்தத்தைக் காணும் வினாவை 1977-இல் எழுப்பியவர் உல்ஃப் கிரெனாண்டர். படங்களில் வடிவங்களைக் கண்டறியும் ஆய்வில் அவருக்கு இவ்வினா எதிர்ப்பட்டது. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷாமோஸ் இதனைப் பற்றிப் பேசியபோது, கேட்டுக்கொண்டிருந்த புள்ளியியல் அறிஞர் ஜே கடானே ஒரு நிமிடத்தில் மேற்கண்ட விதியைக் கூறிவிட்டார் என்று ஜான் பென்ட்லி 1984-இல் எழுதினார். கணிப்பொறி பயில்வோர் இன்றும் இதனைக் கடானேயின் முறை என்றே அழைக்கின்றனர்.

இக்கருத்தின் வேர் இந்நாட்டிலும் உண்டு. யாப்பில் லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு. தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள அளவும் அதுவே. ஐந்து மாத்திரையை லகு, குருக்களால் எத்தனை வகையாக நிரப்பலாம்? கடைசி எழுத்து லகுவாயின் முன்னுள்ளவை நான்கு மாத்திரை. குருவாயின் மூன்று மாத்திரை. ஆகவே நான்கிற்குரிய எண்ணையும் மூன்றிற்குரிய எண்ணையும் கூட்டினால் ஐந்திற்குரிய எண் வரும். 1, 2, 3, 5, 8, 13 என வளரும் இவ்வரிசையை, ஐரோப்பாவில் ஃபிபனாச்சி 1202-இல் எழுதுவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே விரகாங்கர் என்னும் யாப்பு நூலார் கூறிவிட்டார். முன்பு கண்ட சிறு விடைகளைக் கொண்டு பெரிய விடையைக் கட்டும் பழக்கத்தை வகுப்பில் தொடங்குவதற்கு இதைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது.

நிரம்பிய அணையும் வறண்ட கோடையும்

கடானேக்கு வெகு முன்னரே நீர்ப் பொறியாளர்கள் இதே கணக்கை வேறு பெயரில் செய்துவந்தனர். அவர்களுக்கு எழுந்த வினா வெள்ளத்தைப் பற்றியதன்று, வறட்சியைப் பற்றியது. ஓர் ஊருக்குத் தடையின்றி நீர் வழங்க எவ்வளவு கொள்ளும் அணை வேண்டும்? 1883-இல் ரிப்பிள் என்னும் பொறியாளர் இதற்கு ஒரு வரைபட முறையை வெளியிட்டார். ஆற்றில் வந்த நீரைத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே போய் அம்மொத்தங்களைக் கோடாக வரைவது அம்முறை. தொடக்கத்திலிருந்து கூட்டிய மொத்தங்கள் கையில் இருந்தால், எந்த இரு தேதிகளுக்கும் இடைப்பட்ட வரவை ஒரே கழித்தலில் அறியலாம். மழைப் பதிவேட்டில் இத்தகைய பத்தி ஒன்றைச் சேர்த்துவைக்கும் பணியாளர், மேலிடத்திலிருந்து "இத்தேதி முதல் அத்தேதி வரை எவ்வளவு?" என்று கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் தம் நேரத்தை மீட்டுக்கொள்வார்.

1963-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ், பர்டன் ஆகியோர் வரைபடத்தின் இடத்தில் எண் விதியை வைத்தனர். அவ்விதி ஏரியின் விதியைத் தலைகீழாக்கியதே ஆகும். அங்கே சேர்ந்த நீரைக் கணக்கிட்டோம்; இங்கே அணையில் காலியான இடத்தைக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு மாதமும் தேவையிலிருந்து வரவைக் கழித்து, நேற்றைய காலியிடத்தோடு கூட்ட வேண்டும். குறை எண் வந்தால் சுழி. நிரம்பிய அணை மேலும் நிரம்பாது, மிகுந்த நீர் வழிந்தோடும். இவ்வாறு வரும் காலியிடத்தின் உச்சமே அணைக்கு வேண்டிய கொள்ளளவு.

திருமலையில் இவ்வினா வெறும் ஏட்டுக் கணக்கன்று. மலைமேல் கோகர்ப்பம், ஆகாச கங்கை, பாபவிநாசம், குமாரதாரா, பசுபுதாரா ஆகிய சிறு அணைகளும், கீழே கல்யாணி அணையும் மழையை நம்பியே நிற்பவை. யாத்திரிகர் வருகை மழையைப் பார்த்துக் குறைவதில்லை. இப்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது. எனினும் அணைகள் நிரம்புவதற்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமே பெரிதும் துணை. அம்மழை பொய்க்கும் ஆண்டில் அடுத்த கோடை கடினமாகிவிடும்.

மாதத் தேவை 10 அலகு என்றும், ஜூன் தொடங்கி மே முடிய வரவு 4, 7, 12, 15, 22, 30, 13, 5, 2, 1, 1, 8 என்றும் கொள்ளலாம். இவையும் விளக்க எண்களே. ஆண்டின் வரவு 120, தேவையும் 120. மேலோட்டமாகப் பார்த்தால் குறையில்லை. தேவையிலிருந்து வரவைக் கழித்து விதிப்படி எழுதினால் காலியிடம் 6, 9, 7, 2, 0, 0, 0, 5, 13, 22, 31, 33 என வரும். உச்சம் 33. ஆகவே 33 அலகு கொள்ளும் அணை போதும் என்று தோன்றும்.

இங்கேதான் பிழை நேர்கிறது. மே மாதத்தோடு ஆண்டுக் கணக்கு முடிகிறதேயன்றி வறட்சி முடிவதில்லை. அதே ஆண்டு மீண்டும் வருவதாகக் கொண்டு, சுழிக்குத் திரும்பாமல் 33-இலிருந்தே தொடர்ந்தால், ஜூனில் 39, ஜூலையில் 42 ஆகின்றது. அதன் பின்னரே 40, 35, 23, 3 எனக் குறைந்து டிசம்பரில் சுழியாகிறது. வேண்டிய கொள்ளளவு 42. 33 அலகோடு நிறுத்திய அணை மே மாத முடிவில் வறண்டுவிடும். ஜூனில் 10 தேவைப்படும் ஊருக்கு 4 மட்டுமே கிடைக்கும், ஜூலையில் 7. பதிவேட்டை இருமுறை சுற்றிவர வேண்டும் என்று தாமஸ், பர்டன் முறை வற்புறுத்துவதன் காரணம் இதுவே. சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் கணக்கை ஜூனில் தொடங்குவதா, ஜனவரியில் தொடங்குவதா என்று வாதிடுவோர் உளர். இரண்டு சுற்று வந்தால் அவ்வாதத்திற்கு இடமில்லை. வெயிலில் ஆவியாகும் நீரும் நிலத்தில் கசியும் நீரும் இவ்வெண்களில் சேர்க்கப்படவில்லை. மெய்யான அணைக்கு அவற்றையும் தேவையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போது கொள்ளளவு மேலும் உயரும்.

தொடராத எண்கள்

அடுத்தடுத்து அமையாத எண்களைத் தேர்ந்து கூட்ட வேண்டிய வினாக்களும் உண்டு. நான்கு ஏரிகளைச் சீர்செய்ய முறையே 3, 5, 8, 11 லட்சம் ரூபாய் மதிப்பீடு; ஒதுக்கீடு 16 லட்சம். ஒதுக்கீட்டை மீதமின்றிச் செலவிட இயலுமா? நான்கு ஏரிகளாயின் மனக்கணக்கே போதும். இருபது ஏரிகளாயின் தேர்வு வகைகள் 10,48,576.

இங்கும் அட்டவணை உதவும். 0 முதல் 16 வரை கட்டங்கள் வரைந்து, முதலில் 0-இல் மட்டும் குறியிட வேண்டும். பின்னர் ஒவ்வோர் ஏரியாக எடுத்து, முன்பே குறியுள்ள ஒவ்வொரு தொகையோடும் அவ்வேரியின் மதிப்பீட்டைக் கூட்டி வரும் கட்டத்திலும் குறியிட வேண்டும். முதல் ஏரிக்குப் பின் 0, 3; இரண்டாவதற்குப் பின் 0, 3, 5, 8; மூன்றாவதற்குப் பின் 0, 3, 5, 8, 11, 13, 16. விடை மூன்றாம் ஏரியிலேயே வந்துவிட்டது. இருபது ஏரிகளுக்கும் 320 கட்டங்களைப் பார்த்தால் போதும்.

கட்டங்களைப் பெரிய தொகையிலிருந்து சிறியதை நோக்கியே பார்த்துவர வேண்டும். சிறியதிலிருந்து தொடங்கினால் 3 லட்சத்து ஏரி 3-இல் இட்ட குறியிலிருந்தே 6-க்கும், அங்கிருந்து 9-க்கும் தாவிவிடும். ஒரே ஏரியை மும்முறை தூர்வாரியதாகப் பட்டியல் எழுதுவதற்கு ஒப்பாகும் அது, தணிக்கையாளர் ஏற்கமாட்டார். தொகையை லட்சத்தில் எழுதாமல் ரூபாயில் எழுதினால் ஒரு வரிசைக்கு 16 லட்சம் கட்டங்கள் வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது. இம்முறையின் வேகம் ஏரிகளின் எண்ணிக்கையை மட்டுமன்றித் தொகையை அளக்கும் அலகையும் பொறுத்தது.

நான்காம் ஏரியையும் சேர்த்துப் பார்த்தால் 16-ஐ எட்ட மற்றொரு வழியும் தோன்றுகிறது: 5-உம் 11-உம். முதல் வழியில் மூன்று ஏரிகள் சீராகும், இரண்டாவதில் இரண்டு. அவற்றுள் எக்கரையில் கசிவு தொடங்கியுள்ளது என்பது அட்டவணையில் எழுதப்பட்டிருக்காது. அதனை மழைக்கு முன் கரைமேல் நடந்து பார்த்த பணியாளரே குறிக்க வேண்டும்.